28 வயதில் மறுபடியும் கல்லூரி: அம்மா வீடா, பி.ஜி.யா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு 28 வயது. பி.காம் முடித்து ஆறு வருஷம் கணக்கு எழுதும் வேலை, இருப்பது பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி). இப்போது மூன்று வருஷ எல்எல்.பி. சட்டப் படிப்பில் சேரப் போகிறீர்கள், கல்லூரி ராஜாஜிநகர் பக்கம். அம்மா மர்ஃபி டவுனில் ஒரு லீஸ் வீட்டில் தனியாக இருக்கிறார், அப்பா தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. "எதுக்கும்மா வெட்டியா வாடகை, இங்கயே வந்துடு" என்கிறார். போனால் பணம் மிச்சம், போகாவிட்டால் சுதந்திரம் மிச்சம், எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் மறுபடி பதினேழு வயசாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்களே, உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். வாடகை மட்டும்தான் பிரச்சினை என்றால் கால்குலேட்டரே பதில் சொல்லியிருக்கும், முன்பின் தெரியாதவர்களிடம் வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணியில் முதுகலை) படித்தவள். இதே பெங்களூரில் ஒரு கல்லூரியில் 21 வருஷம் மாணவர் ஆலோசகராக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். சட்டம், பி.எட், முதுகலை எல்லாம் ஒரே வளாகத்தில் என்பதால், வேலை, கல்யாணம், குழந்தை என்று ஒரு சுற்று முடித்துவிட்டுத் திரும்பவும் புத்தகத்தைத் தொடுகிறவர்கள் நிறையப் பேர் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். இதில் ஒரு கோளாறும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்த மாணவர் என் கதவைத் தட்டவே மாட்டார். நான் பார்த்ததெல்லாம் சிக்கல் ஆனவர்களை. அதனால் அப்பா அம்மாவோடு இருப்பதைப் பற்றி நான் கொஞ்சம் இருட்டாகப் பேசினால், அதில் ஒரு பங்கை நீங்களே தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது பணக் கணக்கு, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில், சாப்பாட்டோடு, இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்கிற பி.ஜி. மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம் (தனி அறை என்றால் இதோடு நிற்காது). மூன்று வருஷத்துக்கு 3,60,000. அம்மா வீட்டுக்குப் போனால் இந்த 3,60,000 முழுசாக மிச்சம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், அங்கேதான் முதல் தப்பு. 28 வயதில், ஆறு வருஷம் சம்பாதித்த பிறகு, அம்மாவின் குடும்பப் பென்ஷனிலோ சேமிப்பிலோ சும்மா உட்கார்ந்து சாப்பிட உங்களால் முடியாது, நாலாவது மாசமே தொண்டையில் இறங்காது. மாதம் நாலாயிரமாவது கொடுப்பீர்கள். அப்படியானால் நிஜ மிச்சம் 2,16,000. இதுவும் சின்னத் தொகை இல்லை, ஆனால் நீங்கள் மனசில் வைத்திருக்கிற தொகையும் இல்லை.

அந்தப் பி.ஜி. செலவைக் கல்விக் கடனில் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும், சேர்க்கலாம்தான், வங்கிகள் பின்பற்றுகிற மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நியாயமான தங்கும் செலவுக்கும் இடமுண்டு. 4 லட்சம் வரை நம் பங்கு என்று முன்பணம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணையும் கட்ட வேண்டாம். ஆனால் வட்டி அதற்கெல்லாம் காத்திருக்காது, பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். வருஷ ஆரம்பத்தில் 1,20,000 வீதம் மூன்று வருஷமும் எடுத்து, வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். சாதா வட்டிக் கணக்கிலேயே, முதல் தவணை கட்ட வேண்டிய நாள் வரும்போது 1,08,000 ஏறியிருக்கும். 3,60,000 கடன் அன்றைக்கு 4,68,000. பிற்பாடு கட்டுகிற வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான், புதிய முறையில் கிடையாது. இன்னொன்று, இந்தக் கடனுக்குப் பொதுவாகப் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவிடமிருந்து தனியாக இருப்பதற்கு வாங்குகிற கடனில் அம்மாவின் கையெழுத்து. சிரிப்பு வருகிறதுதான், ஆனால் வங்கி மேஜைக்கு முன்னால் இந்த முகத்தோடு உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரம், என்னைக் கேட்டால் பணத்தைவிடப் பெரிய விஷயம். சட்டப் படிப்பைத் தபாலில் படிக்க முடியாது, சாயங்கால வகுப்பிலும் முடியாது. வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் கவனிக்கிற பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை இருந்தால்தான் அந்தப் பாடத்தின் பரீட்சையில் உட்காரலாம். ஒவ்வொரு பாடத்திலும் என்பதைக் கவனியுங்கள், மொத்தத்தில் இல்லை. 60 வகுப்பு நடந்தால் 18 வகுப்பு போகாமல் இருக்கலாம், பத்தொன்பதாவதில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று வருஷத்தில் 12 வாரம் இன்டர்ன்ஷிப்பும் முடிக்க வேண்டும். வேலையைப் பாதி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை எழுதியிருந்தீர்கள், அதைக் கல்லூரியில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கையில், மாணவர்கள் தங்கள் வேலை நிலவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், வேலையில் இருந்தால் தடையில்லாச் சான்று வேண்டும், வருகைக்கு பயோமெட்ரிக் என்றெல்லாம் இருக்கிறது. முதலாளிக்கும் கல்லூரிக்கும் தெரியாமல் இரண்டு குதிரையில் சவாரி செய்வதெல்லாம் பழைய காலம்.

மர்ஃபி டவுனிலிருந்து அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடை, ஊதா லைனில் மெஜஸ்டிக், அங்கே அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி ஏறிப் பச்சை லைன், ராஜாஜிநகரில் இறங்கி மறுபடி நடை. வீட்டுக் கதவிலிருந்து வகுப்பறைக் கதவு வரை ஒரு மணி நேரம் என்று வையுங்கள். பக்கத்துப் பி.ஜி. என்றால் பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், ஆனால் உட்கார இடம் கிடைத்தால் அதில் பாதியைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் ஏறியதும் உங்களுக்குத் தெரியும். பி.எம்.டி.சி. சாதா பஸ்ஸில் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசம், 2023 ஜூனிலிருந்து, ஆனால் ஆதார் மாதிரிக் காட்டுகிற அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் ஆதாரில் இன்னும் வேலூர், தர்மபுரி முகவரியை வைத்துக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போடுகிறார்கள். மாரத்தஹள்ளியிலேயே இருந்துகொண்டு ராஜாஜிநகருக்குப் போய் வரலாம் என்று ஒரு மூன்றாவது வழி மனசில் இருந்தால், அதை இப்போதே தூக்கிப் போடுங்கள். முதல் செமஸ்டரே தாங்காது.

நீங்கள் கேட்காத ஒன்று: அம்மா இருக்கிற லீஸ் வீடு எது வரைக்கும்? இங்கே வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி விளக்கம், பெங்களூரில் லீஸ் என்றால் மொத்தமாகச் சில லட்சம் ஓனரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி பண்ணும்போது அந்தப் பணத்தை வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டம், அதைத் தவிர்க்கத்தான் ஊர் முழுக்க 11 மாதம் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். உங்கள் படிப்பு 36 மாதம். நடு செமஸ்டரில் ஓனர் 'பொண்ணு கல்யாணம், வீடு வேணும்' என்றால் அம்மாவோடு சேர்ந்து வீடு தேடுவது நீங்கள்தான், அது பி.ஜி. மாற்றுகிற மாதிரி ஒரு சூட்கேஸ் வேலை இல்லை. வீட்டின் மேல் ஓனர் வங்கிக் கடன் வாங்கியிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். இன்னொரு ஆள் வந்து தங்குவதை ஓனர் முகம் சுளிக்காமல் ஏற்பாரா, சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, இதெல்லாம் சில்லறையாகத் தெரியும், ஆனால் ஆறு மாசம் கழித்து இதுதான் சண்டையாக வரும்.

இனிமேல் சொல்வது நிச்சயமும் இல்லை, ஊகமும் இல்லை. பல தடவை கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான்.

வீட்டோடு இருந்து படிக்கிறவர்களை அடிக்கிற பெரிய அடி கட்டுப்பாடு இல்லை. நீங்கள் பயப்படுகிற 'எங்க போற, யார்கூட போற, எத்தனை மணிக்கு வருவ' எல்லாம் ஒரு மாசத்தில் அடங்கிவிடும், ஆறு வருஷம் தனியாக இருந்த பெண்ணிடம் ரொம்ப நாள் அப்படிக் கேட்க அம்மாவுக்கே கூச்சமாக இருக்கும். அடி வேறு பக்கத்திலிருந்து வரும், 'நீ வீட்டுலதானே இருக்க' என்ற ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து. ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பையன் வந்தான், பையன் என்ன, 31 வயது ஆள், கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து விட்டுவிட்டு சட்டம் படிக்க வந்தவன். வீடு ஒரு ஹாலும் சமையலறையும். மொட்டை மாடியில் சின்டெக்ஸ் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் படிப்பான். ஹால் சுவரில் அவனுடைய டைம்டேபிளை ஒட்டியிருந்தான், எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று. ஒருநாள் அதைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் அவன் அம்மா பென்சிலால் எழுதியிருந்தார்: புதன்கிழமை 'கேஸ் வரும்', வெள்ளிக்கிழமை 'ரேஷன்', சனிக்கிழமை 'அத்தை கண் ஆஸ்பத்திரி'. வகுப்பு இல்லாத நேரம் என்றால் அந்த அம்மாவுக்கு அது காலி நேரம். கோபத்தில் எழுதியதில்லை, அன்பாக, பையன் மறந்துவிடக் கூடாதே என்று எழுதியது. அந்த செமஸ்டரில் அவனுக்கு ஒரு பாடத்தில் வருகை குறைந்து, பரீட்சை தள்ளிப் போனது.

நான் அவனுக்குப் பெரிய ஆலோசனை எதுவும் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தான். காலை ஏழரைக்கு, வேலைக்குப் போன காலத்தில் போட்ட அதே சட்டை, ஷூ, தோளில் பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றோடும் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான். வகுப்பு முடிந்ததும் கப்பன் பார்க்கில் இருக்கிற சிவப்புக் கட்டட நூலகம், அதுதான் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இருக்கிற மாநில மத்திய நூலகம், அங்கே போய் உட்காருவான். அட்டார கச்சேரி என்கிற ஹைகோர்ட் கட்டடம் கூப்பிடு தூரம்தான், அலுத்துப் போனால் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வருவான். இரண்டு வாரத்தில் அந்த அம்மா அக்கம்பக்கத்தில் "பையன் டியூட்டிக்குப் போயிருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். படிப்பதும் வேலைதான் என்று நம் வீடுகளுக்கு வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினால் புரிகிறது. உங்கள் வழியிலேயே அந்த நூலகம் இருக்கிறது, கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம்.

அதற்காகப் பி.ஜி. சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம், நீங்களே ஆறு வருஷம் இருந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் பத்து மணிக்குப் பூட்டுகிற ஆன்ட்டியும் எங்கே போற என்றுதான் கேட்கிறார், என்ன, ரசம் ஊற்ற மாட்டார். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் குளிக்க அரை வாளிதான் என்று நோட்டீஸ் ஒட்டிய இடங்களைப் பற்றி மாணவிகள் வந்து அழுதார்கள். சம்பளம் வருகிற காலத்துப் பி.ஜி. வேறு, மாணவியாக இருக்கிற பி.ஜி. வேறு. வேலைக்குப் போகும்போது அது ராத்திரி படுக்கிற இடம், சனி ஞாயிறு பிடிக்கவில்லை என்றால் நூறு ரூபாய் செலவு பண்ணி வெளியே உட்கார்ந்துவிடலாம். படிக்கும்போது பகலிலும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான், பக்கத்துக் கட்டிலில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற பெண்தான்.

பி.எட் படித்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள், சொந்த ஊர் கோலார் தங்க வயல், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001இல் சுரங்கம் மூடிய பிறகு வீடு ஒருமாதிரி ஆகிப்போன குடும்பம். கல்லூரிக்குப் பக்கத்தில் மூன்று பேர் அறையில் இருந்தாள். மழைக்காலத்தில் டெங்கு. தகவல் தெரிந்து அவள் அம்மா மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து, எவர்சில்வர் பிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்து சேர்ந்தார். விசிட்டர்களை அறைக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாடிப்படியின் கீழ்ப்படியில் அந்த அம்மா பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் போகும்போது பார்த்தேன், 39 டிகிரி ஜுரத்தில் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்ததையும் பார்த்தேன். அப்புறம் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவள் வீடு பெங்களூரில் இல்லை, வேறு வழியும் இல்லை. உங்களுக்கு அம்மா மெட்ரோ தூரத்தில் இருக்கிறார் என்பதால், எங்கே இருந்தாலும் இந்த நிலை வராது. அதனால் உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்ற காரணத்தைத் தராசில் ரொம்பக் கனமாக வைக்காதீர்கள்.

சந்தேகமானது எது என்று கேட்டால், வீட்டிலிருந்து படித்தால் மார்க் அதிகம் வருமா, தனியாக இருந்தால் அதிகம் வருமா என்பதில் எனக்கு எந்தத் தீர்மானமும் கிடையாது, இரண்டு பக்கமும் தங்கமெடலும் பார்த்தேன், பாதியில் நின்றதும் பார்த்தேன். நீங்கள் போனால் அம்மாவின் தனிமை தீருமா என்பதும் சந்தேகம்தான். காலையில் போய் ராத்திரி வந்து, வந்ததும் சட்டப் புத்தகத்தில் தலையை நுழைத்துக்கொள்கிற மகள், சில நேரம் இல்லாத மகளைவிடத் தனிமையைக் கூட்டிவிடுவாள். அப்புறம் கல்யாணப் பேச்சு. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் உங்கள் மனசில் என்ன என்று துருவப் போவதில்லை, ஆனால் பி.ஜி.யில் இருக்கும்போது வரன் போனில் வரும், வைத்துவிடலாம். வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, செவ்வாய்க்கிழமை மூட் கோர்ட் (மாதிரி வழக்காடல்) இருக்கிற வாரத்தில், பழத்தட்டோடு நேரில் வரும். இந்த மூன்று வருஷத்துக்கு அதில் உங்கள் முடிவு என்ன என்பதைப் பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை, அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று என்னால் சொல்ல முடியாது.

இவ்வளவு நேரம் உங்கள் சுதந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன், அதில் அம்மாவின் சுதந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் கதை சின்னது. தொண்ணூறுகளில், 27 வயதில், கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்.டபிள்யூ சேர்ந்தேன். அப்பா இங்கே ஜீவனஹள்ளியில் தனியாக இருந்தார், டெலிபோன் செய்கிற ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா இறந்து நாலு வருஷம். நான் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார், தோழிகள் வந்தால் முகம் கொடுப்பாரா என்ற கவலையோடு போனேன். அப்படியெல்லாம் ஒன்றுமே நடக்கவில்லை. போன முதல் வாரமே, அப்பாவுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அஞ்சறைப் பெட்டியில் அப்பா கடுகை நடுக் கிண்ணத்தில் வைத்திருந்தார், அவருக்கு அதுதான் அடிக்கடி வேண்டும். அம்மா இருந்தபோது நடுவில் இருந்தது வெந்தயம். நான் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கழுவி, அம்மா வைத்திருந்த மாதிரியே மாற்றி வைத்தேன், பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. அடுத்த நாள் நான் கல்லூரியில் இருந்தபோது அப்பா கண்ணாடி போடாமல் தாளித்திருக்கிறார், எண்ணெயில் கடுகு என்று நினைத்து வெந்தயத்தை ஒரு கை போட்டுவிட்டார். ராத்திரி வந்தபோது கருகிய வெந்தயத்தோடு அந்த சாம்பாரை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் அடுப்படிப் பக்கமே வரவில்லை, நானும் அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். தீபாவளிக்கு வந்த சித்தியிடம் அவர் சொன்னது ஹாலில் இருந்த என் காதில் விழுந்தது: "நாலு வருஷமா நான்தான் பொங்கித் தின்னேன். இப்ப தண்ணி குடிக்கக்கூட அவளைக் கேட்டுட்டுத்தான் போறேன்." அந்த மனுஷன் அறுபது வயசுக்கு மேல் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஒருத்தர் தயவும் இல்லாமல் இருந்திருக்கிறார். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நான் பிடுங்கிக்கொண்டேன்.

உங்கள் அம்மாவும் மூன்று வருஷமாகத் தனியாக இருக்கிறார். சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் என்ன செய்கிறார், உங்களுக்குத் தெரியுமா? அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறாரா, எதிர்வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பூ கட்டுகிறாரா, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்குகிறாரா? ராத்திரி நேரமாகச் சமைக்கிறாரா, மத்தியானம் வைத்ததைச் சுட வைத்துச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிடுகிறாரா? நீங்கள் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி வரை படித்தால் அந்த எட்டு மணித் தூக்கம் என்ன ஆகும்? 'வந்துடு' என்று அம்மாக்கள் சொல்வது ஒரு வகையில் அவர்கள் கடமை, கேட்பதற்கு முன்னாலேயே வாயில் வந்துவிடும். அதனால் 'வரட்டுமா' என்று கேட்காதீர்கள், 'வந்தால் உனக்கு எது மாறிடும்மா' என்று கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் இல்லை என்பார். இரண்டு நாள் விட்டு, வேறு ஏதோ பேசும்போது, மறுபடி கேளுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், அம்மா வீடு, ஆனால் முதல் செமஸ்டருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து முடிவெடுக்கத் தேவையே இல்லை, ஆறு செமஸ்டர் இருக்கிறது. மூன்று மாதப் பி.ஜி. பணமும் அட்வான்ஸும் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிட்டு அதைத் தொடாமல் இருங்கள், வெளியே போக முடியும் என்று தெரிந்தால் உள்ளே இருக்கும்போது எரிச்சல் பாதியாகிவிடும், இதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் கொடுக்கிற பணத்தை முதல் தேதியே கொடுங்கள், அம்மா வேண்டாம் என்று சொன்னால் கேஸ், பால், மின்சாரம் என்று குறிப்பிட்ட செலவை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கதவு மூடக்கூடிய ஒரு இடம் அந்த வீட்டில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், எனக்கு இந்த முடிவில் அவ்வளவு தைரியம் இல்லை, நூலகம் ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்காது. அப்படியானால் கல்லூரிக்குப் பக்கத்தில் பி.ஜி., சனிக்கிழமை ராத்திரி அம்மா வீடு, இதையும் கேவலமாக நினைக்காதீர்கள், நன்றாக நடந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

வீட்டு வேலையில் உங்கள் பங்கு எது என்பதை அம்மாவே சொல்லட்டும், நீங்களாக எதையும் கையில் எடுக்காதீர்கள், அஞ்சறைப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

வகுப்பு ஆரம்பிக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாரத்தஹள்ளி பி.ஜி.க்கு இப்போதே நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு, லீவு கிடைத்தால் ஒரு பத்து நாள், அம்மா வீட்டில் போய் இருந்து பாருங்கள், விருந்தாளியாக இல்லை, காலையில் மெட்ரோ பிடித்து ராஜாஜிநகர் வரை ஒருமுறை போய்த் திரும்பி, ராத்திரி விளக்குப் போட்டுப் படித்து. அதற்கப்புறம் நோட்டீஸ் கொடுத்தாலும் ஒரு மாதம் கையில் இருக்கும். அட்வான்ஸில் பராமரிப்பு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே லீஸ் பத்திரத்தை ஒரு தடவை எடுத்து முடிவுத் தேதியைப் பார்த்து இங்கே எழுதுங்கள், அது அடுத்த வருஷம் நடுவில் முடிகிறது என்றால் நான் மேலே சொன்னதில் சிலதை மாற்ற வேண்டியிருக்கும்.